கட்டியில் மட்டும் எரியும் விளக்கு: அமிலம் கண்டால் ஒளிரும் நானோத்துகள் நிஜமா, இன்னொரு ஃபார்வர்டா?

மேலப்பாளையத்தான் · ஞாயிறு, காலை 7:42

எல்லாருக்கும் வணக்கம். நான் அறிவியல் படித்தவன் இல்லை, கணக்குப் பிரிவு. தப்பாகக் கேட்டால் திருத்துங்கள்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி. மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தாவது நாள் ரிப்போர்ட் வந்தது. ஒரு பக்கம் மார்ஜின் பாசிட்டிவ், மறுபடி திறக்க வேண்டும் என்றார்கள். தையல் கூட சரியாக ஆறவில்லை. இரண்டாவது அறுவையும் முடிந்துவிட்டது, அதன் ரிப்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. முதல் தடவை திரும்பத் திறக்க வேண்டும் என்றதும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "எடுக்கும்போதே தெரியாதாடா?" டாக்டரிடம் அதையே கேட்டேன். "கண்ணுக்கும் கைக்கும் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் தம்பி" என்றார்.

போன வாரம் ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஏதோ நானோத்துகளாம். ஊசியில் போட்டால் உடம்பெல்லாம் சும்மா சுற்றுமாம், புற்றுக்கட்டி பக்கத்தில் போனால் மட்டும் உடைந்து ஒளிருமாம், டாக்டர் கேமராவில் பார்த்தே வெட்டலாமாம். இது உண்மையா? அல்லது வெந்தயத் தண்ணீர் வகையறாவா?

ஃபார்மலின்வாசம் · ஞாயிறு, காலை 8:15

தம்பி, நான் நோய்க்கூறியல் லேபில் இருபது வருஷமாக இருக்கிறேன். நானோவை மற்றவர்கள் சொல்லட்டும். அம்மா கேட்ட கேள்விக்கு என் மேசையிலிருந்து பதில் சொல்கிறேன்.

அறுத்தெடுத்த துண்டு எங்களிடம் வரும்போது எலுமிச்சையிலிருந்து ஆரஞ்சுப் பழம் வரை எந்த அளவிலும் இருக்கும். மேலே மஞ்சள் கொழுப்பு. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் உள் என்று தெரிய சர்ஜன் நூல் கட்டி அனுப்புவார். நாங்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிற மை பூசுவோம். அப்புறம் ரொட்டி நறுக்குவது போல வரிசையாக நறுக்கி, ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாகச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்போம். புற்றுச் செல் அந்த மையைத் தொட்டுக்கொண்டிருந்தால் மார்ஜின் பாசிட்டிவ். சர்ஜன் வெட்டிய கோட்டிலேயே புற்று இருக்கிறது, அப்படியானால் உள்ளேயும் மிச்சம் இருக்கலாம் என்று அர்த்தம்.

"அங்கேயே உறையவைத்துப் பார்க்கலாமே" என்று சிலர் கேட்பார்கள். செய்வதுண்டு. ஆனால் மார்பில் பாதி கொழுப்பு. கொழுப்பு சரியாக உறையாது. கத்தியில் இழுபடும், சீவல் கிழியும். அப்படியே பார்த்தாலும் ஒன்றிரண்டு இடம்தான் பார்க்க முடியும். அதனால் அந்தப் பத்து நாள் யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை. அம்மாவிடம் சொல்லுங்கள்.

பாலிமர்பாண்டி · ஞாயிறு, காலை 10:30

அக்கா சொன்னதற்கு அப்புறம் நான் சொல்ல எளிதாகிவிட்டது. மேலப்பாளையத்தான், நீங்கள் படித்தது ஃபார்வர்டு இல்லை. அந்தப் பொருளின் பெயர் பெக்சிடாசியனின், முன்பு ஓஎன்எம்-100 என்பார்கள். டெக்ஸஸ் மாநிலம் டல்லாஸில் யூடி சவுத்வெஸ்டர்னில் ஜின்மிங் காவோ என்ற வேதியியலாளரும் பாரன் சூமர் என்ற தலை கழுத்து அறுவை மருத்துவரும் சேர்ந்து கொண்டுவந்தது. நான் அதே குடும்பத்துப் பாலிமர்களைச் செய்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அமிலம். புற்றுச் செல் சர்க்கரையை அள்ளித் தின்று லாக்டிக் அமிலமாகக் கக்கும். ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் அப்படித்தான் செய்யும். ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்த விஷயம் இது. அதனால் கட்டியைச் சுற்றியுள்ள நீர்மம் இரத்தத்தைவிடக் கொஞ்சம் புளிப்பு. பிஹெச் என்பது புளிப்பை அளக்கும் எண், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். இரத்தம் பிஹெச் 7.4, கட்டியின் ஓரங்கள் பெரும்பாலும் 6.5 முதல் 6.9 வரை.

இந்தக் "கொஞ்சம்" தான் தலைவலி. ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைத் துளித்துளியாக விட்டால் பட்டென்று சிவக்காது. காவியாகி, செங்காவியாகி, மெதுவாகச் சிவப்புக்கு வரும். சாதாரண பிஹெச் சாயம் எல்லாம் அந்த ரகம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற ஏறக்குறைய 2 பிஹெச் அலகு வேண்டும். நம்மிடம் இருப்பதோ அரை அலகு. அரை அலகில் அந்தச் சாயம் கட்டியிலும் மங்கலாகத் தெரியும், பக்கத்துத் தசையிலும் மங்கலாகத் தெரியும். சர்ஜனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

டல்லாஸ்காரர்கள் சாயத்தை மாற்றவில்லை, சாயத்தை அடைத்து வைக்கும் பொட்டலத்தை மாற்றினார்கள். பாலிமர் சங்கிலியின் ஒரு பாதி தண்ணீரை விரும்பும். மறுபாதியில் அமீன் தொகுதிகள் வரிசையாகத் தொங்கும். இரத்தத்தின் பிஹெச்சில் அந்த அமீன்களுக்கு மின்னூட்டம் இல்லை, தண்ணீர் பிடிக்காது. அதனால் பல நூறு சங்கிலிகள் உள்ளே ஒடுங்கி ஓர் உருண்டை ஆகிவிடும். அதற்கு மைசெல் என்று பெயர், சில பத்து நானோமீட்டர் குறுக்களவு. ஒவ்வொரு சங்கிலியிலும் ஐசிஜி (இண்டோசயனின் கிரீன்) என்ற, அகச்சிவப்பில் ஒளிரும் சாயத்தை ஒட்டியிருக்கிறார்கள். உருண்டைக்குள் சாய மூலக்கூறுகள் காலை எட்டு மணி டவுன் பஸ் மாதிரி நெருக்கியடித்து நிற்கும். அந்த நெருக்கத்தில் ஒன்றின் ஒளியாற்றலை இன்னொன்று தின்றுவிடும், வெளியே எதுவும் வராது.

பிஹெச் 6.9க்குக் கீழே போனால் அமீன்கள் புரோட்டானைப் பிடித்து மின்னூட்டம் பெறும். ஒரு சங்கிலியில் ஒன்றிரண்டு பிடித்ததும் மற்றவை பிடிப்பது இன்னும் சுலபமாகும். ஒன்றையொன்று தள்ளும். உருண்டை மொத்தமாகக் கலையும். பஸ் நின்று எல்லாரும் இறங்கிவிட்டார்கள், இப்போது ஒவ்வொருவரும் கையை நீட்டலாம். இந்த முழு மாற்றமும் கால் அலகு பிஹெச்சுக்குள் முடிந்துவிடும்.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எட்டுச் சின்னக் குழாய்கள், 7.4இல் ஆரம்பித்து 0.1, 0.1 ஆகக் குறைத்து நிறுத்தினேன். வெளிச்சத்தில் எட்டும் ஒரே பச்சை, பாசி பிடித்த தெப்பக்குளத் தண்ணீர் மாதிரி. விளக்கை அணைத்து அகச்சிவப்புக் கேமராவைப் போட்டால் முதல் ஐந்தும் கறுப்பு, ஆறாவதில் சாம்பல், ஏழாவதும் எட்டாவதும் வெள்ளை வெளேர். முதல் தடவை பார்த்தபோது கேமரா கோளாறு என்று நினைத்துக் குழாய்களை இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன்.

சந்தேகசாமி · ஞாயிறு, பிற்பகல் 1:05

பாண்டி நன்றாக எழுதுகிறார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நானோ என்று பெயர் வைத்தவை எல்லாம் எலியைக் குணப்படுத்துகின்றன, மனிதனிடம் வந்ததும் படுத்துவிடுகின்றன. மறந்துவிட்டீர்களா? 2016இல் டொராண்டோவில் வாரன் சான் குழு பத்து வருட ஆய்வுகளை அலசிப் பார்த்தது. ஊசியில் போட்ட நானோத்துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது இடைநிலை அளவில் 0.7 சதவீதம். நூற்றில் ஒன்று கூட இல்லை! மீதியெல்லாம் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும். இதில் கட்டி ஒளிர்கிறது, மார்ஜின் தெரிகிறது என்றால் நம்புவதா?

பாலிமர்பாண்டி · ஞாயிறு, பிற்பகல் 2:20

சாமி, நீங்கள் சொன்ன 0.7 சரியான எண். மருந்தைக் கட்டிக்குள் கொண்டுபோக நினைப்பவருக்கு அது பெரிய அடி. படம் எடுப்பவருக்கு அவ்வளவு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தேர்த் திருவிழாவன்று ஊரெல்லாம் சீரியல் பல்பு எரியும். மொட்டை மாடியிலிருந்து பார்த்து உங்கள் வீட்டு வாசல் விளக்கைக் காட்ட முடியுமா? அதுதான் எப்போதும் ஒளிரும் சாயம். கட்டியில் மட்டும் இல்லாமல் எல்லா இடத்திலும் எரிந்து கெடுக்கும். இப்போது கரண்ட் போன இரவை நினையுங்கள். ஒரே ஒரு வீட்டு ஜன்னலில் மெழுகுவர்த்தி. நாலு தெரு தள்ளியும் தெரியும். மெழுகுவர்த்தி சின்னது என்பது அங்கே பிரச்சினையே இல்லை.

அதாவது ஒளிர வைப்பதில் பெரிய சாமர்த்தியம் இல்லை, எத்தனையோ சாயம் இருக்கிறது. மீதி 99 பங்கும் இரத்தத்தில் சுற்றும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அதைச் செய்ய வைப்பதுதான் கஷ்டம். எங்கள் லேபில் நேரம் முக்கால்வாசி அதற்குத்தான் போகும். யாரும் அதைப் படம் பிடித்துப் போடுவதில்லை, கறுப்புப் படத்தை யார் பார்ப்பார்கள்!

மனிதரிடம் என்ன ஆயிற்று என்றால்: நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 30 பேர். தலை கழுத்து, மார்பு, உணவுக்குழாய், பெருங்குடல் என நாலு வகைப் புற்று. அறுவைக்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பு நரம்பில் ஊசி. முடிவு 2020இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வந்தது. மார்ஜின் பாசிட்டிவ் ஆன 9 பேரிலும் வெட்டிய பரப்பில் ஒளி தெரிந்தது. அது போக, வழக்கமான முறையில் தவறிப்போயிருக்கக்கூடிய 4 சின்னக் கட்டிகளும் கிடைத்தன. 30 பேர்தான், சின்ன எண்ணிக்கை. ஆனால் எலி இல்லை, சாமி.

ஸ்கேன்ரூம்சேகர் · ஞாயிறு, மாலை 5:48

பெட் ஸ்கேன் பிரிவில் இருக்கிறேன். பாண்டி சொன்ன திருவிழா எங்களுக்குத் தினமும் நடக்கிறது. எஃப்டிஜி என்பது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. போட்டதும் ஒரு மணி நேரம் நோயாளியைப் பேசாமல், அசையாமல் படுக்கவைப்போம். பேசிக்கொண்டிருந்தால் தொண்டைத் தசை சர்க்கரையை இழுத்துக்கொண்டு படத்தில் எரியும். என்ன செய்தாலும் மூளை எரியும், சிறுநீர்ப்பை எரியும், பல நேரம் இதயமும். அப்புறம் நம் ஊரில் டிபி. பழைய டிபி நெறிக்கட்டி புற்று மாதிரியே ஜொலித்து எத்தனை குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கதிரியக்கத்துக்கு ஸ்விட்ச் கிடையாது. எஃப்டிஜியில் இருக்கும் கதிரியக்க அணு ஃப்ளோரின்-18 சிதைய வேண்டிய நேரத்தில் சிதையும், சுற்றிலும் அமிலமா காரமா என்று பார்க்காது. அதனால் சுற்றுப்புறத்தைப் பார்த்துப் "பதில் சொல்லும்" துகள் என்ற யோசனை ஒளிச் சாயத்திலும் எம்ஆர்ஐயிலும்தான் எடுபடும். எம்ஆர்ஐக்கு மாங்கனீசு டை ஆக்சைடு துகள் செய்து பார்க்கிறார்கள். அமிலத்தில் கரைந்து மாங்கனீசு அயனி வெளியே வந்தால் அந்த இடம் படத்தில் வெளுக்கும். அது இன்னும் விலங்கு ஆய்வில்தான் அதிகம்.

பழைய கதை ஒன்று. ஃபெரிடெக்ஸ் என்று எம்ஆர்ஐக்கான இரும்பு ஆக்சைடு துகள், 1996இல் அமெரிக்காவில் அனுமதி. கல்லீரலின் குப்ஃபர் செல்கள் இரும்பை விழுங்கிவிடும், படத்தில் ஆரோக்கியமான கல்லீரல் எல்லாம் கறுத்துவிடும். கட்டியில் அந்தச் செல் இல்லாததால் அது மட்டும் வெள்ளையாக நிற்கும். சாமி கல்லீரலுக்குப் போகிறதே என்று குறைப்பட்டாரே, இவர்கள் அந்தக் குறையையே வேலைக்கு வைத்துவிட்டார்கள். நல்ல சரக்கு, ஆனால் ஓடவில்லை. 2008இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அறிவியல் சரியாக இருந்தால் மட்டும் போதாது போல.

கத்திமுனை · ஞாயிறு, இரவு 10:11

அறுவைப் பிரிவு முதுநிலை மாணவன். ட்யூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். எல்லாரும் பெக்சிடாசியனினையே பேசுகிறீர்கள். மேலப்பாளையத்தான் கேட்ட மார்புப் புற்றுக்கு ஒன்று ஏற்கெனவே அனுமதி பெற்றுவிட்டது: லூமிசைட். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. இது நானோ உருண்டை இல்லை, ஆனால் தத்துவம் ஒன்றுதான். ஒரு சாயம், பக்கத்திலேயே அதன் ஒளியைத் தின்னும் இன்னொரு மூலக்கூறு, இரண்டையும் ஒரு சின்னப் பெப்டைடு இணைத்திருக்கும். கட்டி சுரக்கும் கத்தெப்சின் போன்ற நொதிகள் அந்தப் பெப்டைடை வெட்டிவிட்டால் சாயம் ஒளிரும். கட்டியை எடுத்த பிறகு அந்தக் குழிக்குள் கையடக்கக் கருவியை விட்டுச் சுவர்களைப் பார்ப்பார்கள்.

இப்போது எண்ணைப் பாருங்கள், கனவு கொஞ்சம் தெளியும். பெரிய ஆய்வில் 357 பேர். கருவி காட்டியதால் கூடுதலாகப் புற்று எடுக்கப்பட்டது 27 பேருக்கு, 7.6 சதவீதம். மார்ஜின் பாசிட்டிவ் ஆகியிருந்த 62 பேரில் 9 பேருக்கு இரண்டாவது அறுவை தவிர்ந்தது. ஒவ்வொரு மார்ஜினாகக் கணக்கிட்டால் உணர்திறன் 49.3 சதவீதம். இருக்கிற புற்றில் பாதியைத்தான் அது பார்த்தது. கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று பெட்டி கட்டிய எச்சரிக்கையும் லேபிளில் உண்டு.

அந்த 9 பேரில் உங்கள் அம்மா இருந்தால் அது மிகப் பெரிய விஷயம். மீதி 53 பேரில் இருந்தால் ஒன்றும் மாறியிருக்காது.

நான் நேரில் பார்த்தது 5-ஏஎல்ஏ என்ற மருந்தை. மூளைக் கட்டிக்கு, மயக்கம் கொடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பு குடிக்கக் கொடுப்பார்கள். தியேட்டர் விளக்கை அணைத்து நுண்ணோக்கியை நீல வெளிச்சத்துக்கு மாற்றினார்கள். அதுவரை வெண்ணெய் மாதிரி ஒரே சீராக இருந்த இடத்தில் ஒரு மூலை ரோஜா நிறத்தில் எழுந்தது. யாரும் பேசவில்லை. மயக்க மருத்துவர் கூட எட்டிப் பார்த்தார். ஜெர்மனியில் 2006இல் வந்த ஆய்வில், இந்த முறையில் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது 65 சதவீதத்தினருக்கு, வழக்கமான வெளிச்சத்தில் 36. அதிலும் துகள் கிடையாது, கட்டியே தன் உள்வேலையில் அந்த ஒளிரும் பொருளைச் செய்துகொள்கிறது.

சந்தேகசாமி · திங்கள், காலை 6:30

கத்திமுனை டாக்டர்தான் என் கட்சி. உணர்திறன் 49! காசைச் சுண்டிப் போடலாம்.

இன்னொரு சந்தேகம். அமிலம் கட்டியில் மட்டுமா இருக்கிறது? சீழ் பிடித்த புண்ணும் புளிப்புதான். சேகர் சொன்ன டிபி கதை இங்கேயும் வருமே. மேலப்பாளையத்தானின் அம்மாவுக்கு இரண்டாவது அறுவையின்போது உள்ளே ஆறிக்கொண்டிருக்கும் புண். அங்கே இந்தத் துகளை விட்டால் புண்ணும் ஒளிராதா?

பாலிமர்பாண்டி · திங்கள், காலை 9:02

சாமி, காசைச் சுண்டினால் நல்ல திசுவுக்கும் பாதி தடவை தலை விழும். லூமிசைட் புற்று இல்லாத இடத்தை இல்லை என்று சரியாகச் சொன்னது 85 சதவீதம். சுண்டிப் பார்ப்பதைவிட மேல், போதுமானதா என்றால் இல்லை.

அழற்சி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. அமிலத்தை மட்டும் நம்பும் எந்தத் துகளுக்கும் அது பலவீனம். அதனால்தான் சிலர் இரண்டு பூட்டு வைக்கிறார்கள்: அமிலமும் இருக்க வேண்டும், நொதியும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் எரியும். தாளில் அழகாக இருக்கும். நடைமுறையில் இரண்டு பூட்டுமே முழுதாகத் திறக்காமல் கட்டியே தெரியாமல் போவதும் நடக்கும். என் குழாயிலேயே நடந்திருக்கிறது.

நேற்று விட்டுப்போனது: ஐசிஜி புதுச் சாயம் இல்லை. புகைப்படச் சுருள் வேலைக்காகக் கோடாக் செய்தது, 1959 முதல் மருத்துவத்தில் இருக்கிறது. அது ஒளிர்வது 800 நானோமீட்டருக்குச் சற்று மேலே. அங்கே இரத்தம் ஒளியை அதிகம் குடிக்காது, அதனால் திசுவுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் வரை தெரியும். அதற்குக் கீழே புதைந்திருந்தால் தெரியாது. எக்ஸ்ரே மாதிரி ஊடுருவும் என்று யாராவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

மேலப்பாளையத்தான் · திங்கள், காலை 9:40

பாண்டி அண்ணா, கத்திமுனை டாக்டர், எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கரண்ட் போன கதை மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது.

நேராகக் கேட்கிறேன். இதெல்லாம் இங்கே கிடைக்குமா? காசு எவ்வளவு என்றாலும் புரட்டலாம். அம்மாவுக்கு இன்னும் ஏதாவது மிச்சம் இருந்தால்?

கத்திமுனை · திங்கள், பிற்பகல் 12:50

புரட்ட வேண்டாம், முதலில் அதைச் சொல்கிறேன். பெக்சிடாசியனினுக்கு 2023இல் எஃப்டிஏ கொடுத்தது "திருப்புமுனை" தகுதி. வயிற்றுச் சவ்வில் பரவிய புற்றை அறுத்தெடுக்கும் அறுவைக்காக. அது பரிசீலனையில் முன்னுரிமைதான், விற்க அனுமதி இல்லை. யாராவது ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு வந்தால் கதவைச் சாத்துங்கள்.

நம் பெரிய மருத்துவமனைகளில் ஐசிஜி கேமரா இருக்கிறது. பித்தக் குழாயைக் கண்டுபிடிக்க, குடலைத் தைக்கும் இடத்தில் இரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்க, நெறிக்கட்டியைத் தேட. அது வெறும் ஐசிஜி, சில நிமிடத்தில் கல்லீரல் அதை எடுத்துவிடும். புற்றா இல்லையா என்று அதற்குத் தெரியாது. "எங்களிடமும் ஒளிரும் அறுவை இருக்கிறது" என்று விளம்பரம் பார்த்தால் எது ஒளிர்கிறது என்று கேளுங்கள்.

ஃபார்மலின்வாசம் · திங்கள், மாலை 4:25

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாண்டி சொன்ன 9க்கு 9, டாக்டர் சொன்ன 49 சதவீதம், இதையெல்லாம் யார் முடிவு செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒளிர்ந்த இடத்தையும் ஒளிராத இடத்தையும் வெட்டி எடுத்துக்கொண்டு கடைசியில் எங்களை மாதிரி ஒருவரின் மேசைக்குத்தான் வந்திருப்பார்கள். மையும் நுண்ணோக்கியும்தான் தீர்ப்பு. கேமரா வந்தால் என் வேலை போய்விடுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இப்போதைக்குக் கூடுதல் துண்டுகள்தான் வரும்.

தம்பி, இரண்டாவது அறுவையின் ரிப்போர்ட் வந்துவிட்டதா? அதில் மூன்று விஷயம் பாருங்கள். கூடுதலாக எடுத்த துண்டில் புற்று மிச்சம் இருந்ததா. புது மார்ஜினில் மை மேல் புற்று இல்லை என்று எழுதியிருக்கிறதா. ஊடுருவிய புற்றுக்கு அது போதும், பால் குழாய்க்குள்ளேயே நிற்கும் வகை மட்டும் என்றால் 2 மில்லிமீட்டர் தூரம் எதிர்பார்ப்பார்கள். மூன்றாவது, எந்தப் பக்கம் என்று திசை எழுதியிருக்கிறதா.

மேலப்பாளையத்தான் · செவ்வாய், இரவு 8:03

அக்கா, இன்று வாங்கினேன். "மிச்சப் புற்று: இருந்தது, 3 மிமீ. புது மார்ஜின்: மையில் புற்று இல்லை. மிக அருகிலுள்ள மார்ஜின் கீழ்ப்பக்கம், 6 மிமீ." பாத்ரூமில் நின்று நாலு தடவை வாசித்தேன்.

3 மில்லிமீட்டர். அரிசி கூட அதைவிட நீளம். அம்மாவிடம் அளவைச் சொல்லவில்லை, இனி மிச்சம் இல்லை என்று மட்டும் சொன்னேன். கதிர்வீச்சு அடுத்த வாரம் ஆரம்பம், ஸ்கேன் போட்டுக் குறி வைக்க வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். சேகர் அண்ணா, அந்தக் குறியைக் குளிக்கும்போது அழியாமல் எப்படி வைத்திருப்பது?

ஸ்கேன்ரூம்சேகர் · செவ்வாய், இரவு 8:20

தேய்க்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள், மஞ்சளும் பவுடரும் வேண்டாம். அழிந்தால் வீட்டில் பேனாவால் வரைய வேண்டாம், அவர்களே போட்டுத் தருவார்கள். தளர்வான பருத்தி ரவிக்கை, சாயம் போனாலும் பரவாயில்லை என்கிற பழையது.